ஆளுக்கொரு பிஸ்கட் பொம்மை

“...இது உங்கப்பன், இது உங்கம்மா, மூக்கு ஒழுகறது தம்பி, செவப்பு ரிப்பன் வெச்சது நீயி. செரி. அப்பறம் ஆருங்க அம்மணி?”

அத்தை இப்படிக் கேட்டபோது எனக்கு எட்டு வயது இருக்கும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவருடைய சமையலறைத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஓர் அலுமினியத் தட்டு. அதில் மனுச உருவத்தில் வெட்டிச் சுட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகள். நாலு பிஸ்கட்டுக்குச் சர்க்கரைப் பூச்சால் கண், வாய், உடுப்பு எல்லாம் வைத்து முடித்துவிட்டேன். இரண்டு மட்டும் முகமில்லாமல் வெறுமனே கிடந்தன. அத்தை என் நாலையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டிவிட்டு, கண்ணை அந்த இரண்டின் மேல் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

நான் ஒரு பதில் சொன்னேன். அதைக் கேட்டு அத்தை என்ன செய்தார் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆனால் என் மாமா சொல்வார், “வண்டியப் பொறப்படற ஸ்டேஷன்லயே புடிச்சுப்போடோணும், நடுவுல தாவுனா காலுதான் போகும்” என்று. அத்தையின் வீட்டுக்காரரான அவர் ரயில்வே கார்டு. அவர் பேச்செல்லாம் வண்டிப் பேச்சாகத்தான் இருக்கும். அதனால் புறப்பட்ட இடத்துக்கே போய் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஞாபகத்துக்கு வந்தது போன டிசம்பரில். நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் என்பது பூனை மாதிரி. கூப்பிட்டால் வராது, பால் சட்டியைத் திறந்தால் தானாக வந்து காலைச் சுற்றும். நான் இருப்பது சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பெங்களூரில். கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் எங்கள் பிளாக் பிள்ளைகளைக் கூப்பிட்டு பிஸ்கட் சுடுவேன். இந்து வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை எல்லாம் வரும். அம்மாக்காரிகளுக்கும் சந்தோஷம். “ஒரு மணி நேரம் போனைத் தொடாம இருந்தாப் போதுமுங்க ஆன்ட்டி, அடுப்பையே பேத்துப் போட்டாலும் பரவாயில்லீங்க” என்று சொல்லி அனுப்புவார்கள்.

மூணாவது மாடியில் ஒரு சிறுமி. வாய் நிற்காது. அவளுக்கு ஐந்து பொம்மை கொடுத்தேன். அப்பாவுக்கு ஒன்று செய்தாள், அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நாலாவது யார் என்று பார்த்தால் அவர்கள் வீட்டு நாய்க்குட்டி. மனுச உருவத்துக்கே காது ஒட்ட வைத்து, கழுத்தில் பட்டையும் போட்டுவிட்டாள். ஐந்தாவது சும்மா கிடந்தது.

“இது யாருக்கு கண்ணு?” என்று கேட்டேன்.

“அது ஸ்பேர் ஆன்ட்டி. எங்க வீட்டாளு யாராச்சும் உடைஞ்சு போயிட்டா வேணும்ல?”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சாயங்காலம் எல்லோரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார்கள். லிஃப்ட் கதவு மூடுகிற வரைக்கும் சத்தம், மூடியதும் ஒன்றும் இல்லை. தரையெல்லாம் சர்க்கரை. எறும்பு வருமுன்னே துடைக்க வேண்டும் என்று துணியை எடுத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போத்தனூர் அத்தை அதே மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தது, முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது, எல்லாம் முன்னால் வந்து நின்றது.

எங்கள் ஊர் சென்னிமலை. அப்பாவுக்கு வீட்டிலேயே தறி, பெட்ஷீட் நெய்வார். அந்த வருசம் அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே, “போத்தனூர் அத்தை ஊட்டுக்குப் போலாம் வா. பிஸ்கட்டெல்லாம் சுடறாங்களாமா” என்றார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. அம்மாதான் ஒரு மாதிரியாக இருந்தார். அப்போது அம்மாவுக்கு ஏழாம் மாசமோ எட்டாம் மாசமோ. என் துணியெல்லாம் எடுத்து மடித்து வைத்தார். லீவுக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு பாவாடை போதும். அம்மா என்னுடைய எல்லாப் பாவாடையும் வைத்தார். மழைக்குப் போடும் ஸ்வெட்டரை வைத்தார். போன வருசம் போட்டு இறுகிப்போன சட்டையைக்கூட எடுத்து, பிரித்துத் தைத்து, வைத்தார். புறப்படும்போது வாசலுக்கு வரவில்லை. தறிக்குழிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், அம்மா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈங்கூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினோம். அப்பா எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார். வழியில் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். கேட்காததையும் வாங்கிக் கொடுத்தார். ஒரு ஆரஞ்சு மிட்டாய்க்கே மூன்று நாள் யோசிக்கிற மனுசன் அவர்.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ரொம்ப வருசம் ஆனது. என் மகனுக்குத் தொட்டில் போட்ட அன்றைக்குத்தான் அம்மா சொன்னார். என்னை லீவுக்கு அனுப்பவில்லை, அத்தைக்குக் கொடுத்திருந்தார்கள்.

அத்தைக்கு எத்தனையோ வருசமாகப் பிள்ளை இல்லை. அப்பாவுக்கு, அம்மா வாயாலேயே சொன்னால், “கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு.” அக்காவின் மேல் அப்பாவுக்குப் பிரியம். ஒரு நாள் தானாகவே, “மூத்ததை நீ வெச்சுக்கக்கா” என்று சொல்லியிருக்கிறார். அத்தை அழுதிருக்கிறார். அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: “புள்ளைக்குப் புடிச்சாத்தான் தம்பி. புடிக்காம ஒரு நாளுகூட வெச்சுக்க மாட்டேன்.”

நல்ல நிபந்தனைதான். ஆனால் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று பிள்ளையிடம் யார் கேட்பது? ஒருவரும் கேட்கவில்லை. சொன்னால் அழும், பழகிவிட்டால் தானாக மறந்துவிடும் என்று அம்மா நினைத்தார். ஸ்கூலில் டீ.சி. வாங்கி வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் அன்றைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போய்விடலாம், அதற்குள் ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா நினைத்தார். “ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தாலே தம்புள்ள தானா வளரும்பாங்க, இது அக்கா ஊடு, என்ன கொறஞ்சு போகுது” என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்களாம். எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். அதுதான் இன்றைக்கு யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. ஒருத்தர் மேலேயும் கோபப்பட முடியவில்லை.

அத்தை வீடு குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி. சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். வண்டி போனால் அலமாரிக் கண்ணாடி தம்ளர்கள் ஒன்றோடொன்று மெதுவாக உரசிக்கொள்ளும். அத்தை அந்தச் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்வார். கூட்ஸ் என்றால் பேச்சை நிறுத்தி, அது முழுக்கப் போகிற வரைக்கும் காத்திருந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். ஆள் இல்லாத வீட்டில் தொடர்வதற்கு என்ன பேச்சு இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைக்கிறேன். மாமா பாதி நாள் லைனில் இருப்பார். கொடியும் விளக்கும் விசிலும் வைத்த அவருடைய பெரிய கறுப்புப் பெட்டி வாசலில் இருந்தால் மாமா வீட்டில் இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. அத்தை தெருவிலிருந்து திரும்பும்போது முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்.

எனக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தார்கள். புதுத் தட்டு, புதுத் தம்ளர். ஜன்னலுக்குப் புதுத் துணி, அதில் மஞ்சள் பூ. லீவுக்கு வந்த பிள்ளைக்கு இவ்வளவு செய்கிறார்களே, எங்கள் அத்தை எவ்வளவு நல்ல அத்தை என்று பெருமைப்பட்டேன். ஊருக்குப் போய்த் தம்பியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாளே கிறிஸ்துமஸ் குடில் வைத்தாயிற்று. வைக்கோல், காகித மலை, ஆடு, மாடு. எல்லார் வீட்டிலும் தொட்டியைக் காலியாக வைத்திருந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுதான் குழந்தை இயேசு சுரூபத்தை அதில் வைப்பார்கள். அதுதான் வழக்கம். அத்தை குடில் கட்டிய அன்றைக்கே குழந்தையை வைத்துவிடுவார். எதிர் வீட்டுக்காரர் ரயில்வேயில் பிட்டர் வேலை. அந்தப் பிட்டர் சம்சாரம் வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, உங்கூட்டுல மட்டும் முந்தியே பொறந்துட்டாருங்களா?” என்று கேட்டார்.

“பொறக்கறவரு எப்ப வந்தா என்னங்க. எடம் காலியாக் கெடக்கறத வருசா வருசம் பாக்க முடியலீங்க” என்றார் அத்தை.

பிட்டர் சம்சாரம் என்னைப் பார்த்தார். “இனிமே என்னங்கக்கா, அதான்...” என்று ஆரம்பித்தார். அத்தை சட்டென்று, “சித்தே அந்த முறத்த எடுங்க” என்றார். பேச்சு முறத்துக்குப் போய்விட்டது.

அந்தக் குடிலுக்கு முன்னால்தான் பிஸ்கட் பொம்மைகளை நிறுத்துவது. இது அத்தை வீட்டு வழக்கம், பிறகு வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது. வீட்டில் இருக்கிற ஆட்களுக்கு ஆளுக்கொன்று. கிறிஸ்துமஸ் காலையில் அவரவர் பொம்மையை அவரவர் எடுத்துத் தின்ன வேண்டும். வருசா வருசம் அத்தை வீட்டுக் குடில் முன்னால் நின்றது இரண்டே இரண்டு பொம்மை. மாமாவுக்கு அன்றைக்கும் டூட்டி விழுந்தால் அவர் வருகிற வரைக்கும் அவருடைய பொம்மை அங்கேயே நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க அத்தை அதைச் சுற்றி மஞ்சள் தூளால் ஒரு வட்டம் போட்டு வைப்பார்.

பொம்மை வெட்டுகிற அச்சு, வனஸ்பதி டின்னைக் கிழித்து ஒரு தகரக்காரர் வளைத்துக் கொடுத்தது. அவருக்குக் கொஞ்சம் அவசரம் போலிருக்கிறது, ஒரு கால் குட்டையாகப் போய்விட்டது. அதனால் அத்தை வெட்டிய மனுசர் அத்தனை பேரும் நொண்டிதான். மாமா பார்த்துவிட்டு, “நைட் டூட்டி முடிச்சு எறங்கி வாரவங்களாட்டவே இருக்கறாங்க” என்பார். கேட் கீப்பர் பையன் ஒருத்தன், “எங்கப்பனுக்கு அச்சே வேண்டாமுங்க அத்தே, சம்பளத்தன்னிக்கு இப்படியேதான் நிப்பாரு” என்றான். அத்தை அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மாவு பிசைந்த நாளில் வரிசைப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, ஏலக்காய். பிட்டர் வீட்டு அக்கா, பெரிய மனுசி, எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டே இருந்தாள். “கையக் கழுவுனியா? நகத்தக் காட்டு. இந்தக் கையில மாவத் தொட்டயின்னா பிஸ்கட்டு கறுப்பாத்தான் வரும்.” அத்தை எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பிசைந்தார். மாவு எப்போது சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது: “காதைத் தொட்டுப் பாருங்க. மாவு நம்ம காது மடலாட்டம் இருக்கோணும். அதுக்கு மேல பெசஞ்சா பிஸ்கட்டு வராது, கல்லுதான் வரும்.” பிள்ளைகள் எல்லாம் ஒரு கையால் மாவையும் ஒரு கையால் காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அத்தை தன் காதைத் தொடவில்லை. எட்டி என் காதைத் தொட்டார், மாவைத் தொட்டார், மறுபடியும் என் காதைத் தொட்டார். “செரியா இருக்குது” என்றார்.

வீட்டில் சுடுகிற அடுப்பு யாரிடமும் கிடையாது. பேக்கரி பாயிடம் கொண்டுபோக வேண்டும். காலை ரொட்டி வெளியே வந்து அடுப்புச் சூடு தணிகிற நேரத்தில் கிறிஸ்தவ வீட்டுத் தட்டுகளை உள்ளே விடுவார். எல்லார் தட்டும் ஒரே மாதிரி இருக்கும். காகிதம் வைத்தால் எரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். மூலையில் இருக்கிற பிஸ்கட்டில் எதையாவது குத்தி வைப்பார்கள். பிட்டர் வீட்டுக்குப் பாக்கு, கேட் கீப்பர் வீட்டுக்கு மிளகு, அத்தை வீட்டுக்குக் கிராம்பு. அந்த மூலை பிஸ்கட் யாருக்குக் கிடைத்தாலும் நாக்கு மரத்துப்போகும். மாமா அதை மட்டும் தேடி எடுத்துத் தின்பார்.

பாய் நீளக் கட்டையால் தட்டுகளை உள்ளே தள்ளினார். அந்தச் சூடும் ரொட்டி வாசமும் முகத்தில் வந்து அறைந்தது இன்றைக்கும் இருக்கிறது. ஓவன், தெர்மாமீட்டர் எல்லாம் வைத்திருக்கிறேன், அந்த வாசம் மட்டும் வருவதில்லை. தள்ளி முடித்துவிட்டு பாய் என்னைப் பார்த்தார்.

“யாரும்மா இந்தப் பொண்ணு? ஒறம்பரைங்களா?”

விருந்தாளிக்கு எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். நான், ஆமாம், சென்னிமலையிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை சொன்னார்:

“ஒறம்பரையில்லீங்க பாய். நம்மூட்டுப் பொண்ணு.”

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். பாய் ஏதோ புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டி, சூடாக ஒரு பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “அப்ப அடிக்கடி வரணும், என்ன?” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை என் கையை விடவில்லை. என் கையில் பன் ஆறிவிடுமே என்பதுதான் எனக்குக் கவலை.

எனக்கு அங்கே குறை ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாயங்காலமானால் ஊர் ஞாபகம் வந்துவிடும். எங்கள் வீட்டில் தறிச்சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன், எழுவேன். அத்தை வீட்டில் ஒரு வண்டி போய் மறு வண்டி வருகிற வரைக்கும் ஒரு சத்தமும் இருக்காது. நான் ஜன்னலில் நின்று மஞ்சள் பூத் துணியை விலக்கித் தண்டவாளத்தைப் பார்ப்பேன். அத்தை பின்னால் வந்து நிற்பார். “என்ன கண்ணு பாக்கறே?” என்பார். “சும்மாங்க அத்தை” என்பேன். அவரும் சேர்ந்து பார்ப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தண்டவாளத்தைத்தான் பார்த்தோம். அவர் மாமா வருகிற பக்கம், நான் ஈங்கூர் இருக்கிற பக்கம்.

பூச்சு வைக்கிற நாளில் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். அத்தை முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரைப் பொடியையும் அடித்து நுரைத்து, எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தார். பீட்ரூட் தண்ணீர் விட்டது ரோஸ், கேசரிப் பவுடர் போட்டது ஆரஞ்சு. ரொட்டி சுற்றி வருகிற மெழுகுத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கிள்ளி, ஆளுக்கொன்று கொடுத்தார். பித்தானுக்குக் கலர் சீரக மிட்டாய். வைப்பதற்கு முன் பாதி வாய்க்குள் போனது. அத்தை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: “அவங்கவங்க ஊட்டு ஆளுக, ஆளுக்கொண்ணு. ஆரையும் உட்டுப்போடாதீங்க. உட்டுப்போட்டா அவங்க மனசு சங்கடப்படும்.”

பிட்டர் வீட்டு அக்கா தன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி முகம் வைத்தாள். சண்டை வராதாம். கேட் கீப்பர் பையன் தன் அப்பா கையில் சின்னப் பச்சைக் கொடி வைத்தான், அம்மா முகத்தில் வாயைப் பெரிதாகத் திறந்து வைத்தான். “எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்குமுங்க” என்றான். முடித்ததும் தங்கள் தங்கள் வீட்டாட்களை முறத்திலும் தட்டிலும் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் மட்டும் மெதுவாகச் செய்துகொண்டிருந்தேன். அத்தை எனக்கு ஆறு பொம்மை தட்டில் வைத்திருந்தார். உடைந்தால் மாற்றுக்கு என்று மிச்சமும் சேர்த்து வைத்திருக்கலாம். அவருடைய கணக்கில் நாங்கள் மூன்று பேர்: மாமா, அவர், நான்.

நான் அப்பாவுக்குக் கட்டம் போட்ட துண்டு போட்டேன், அவர் நெய்கிற பெட்ஷீட் மாதிரியே. அம்மாவுக்குப் புடவை ரோஸ், வயிற்றில் பூச்சைக் கொட்டிக் கொட்டி மேடாக்கினேன். தம்பிக்கு மூக்கிலிருந்து வாய்வரை ஒரு கோடு. எனக்கு ரிப்பன். அழகாகத்தான் வந்திருந்தது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நிமிர்ந்து பார்த்தேன், பாராட்டுவார் என்று.

அத்தை என்னிடம் வேறெப்படியும் கேட்டிருக்க முடியாது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ‘இங்கேயே இருக்கிறாயா’ என்று கேட்டால் நான் பயந்துவிடுவேன், அல்லது அவருக்காகச் சரி என்று சொல்லிவிடுவேன். இரண்டும் அவருக்கு வேண்டாம். ‘ஆரையும் உட்டுப்போடாதீங்க’ என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, என் தட்டுக்காகக் காத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அப்பா வந்தார். சட்டைப் பையில் டீ.சி. இருந்ததாம், பிறகு அம்மா சொன்னது. மாமாவின் பெட்டி வாசலில் இல்லை. நான் எல்லாத் துணியும் மடித்து வைத்த பையோடு வாசலில் நின்றிருந்ததைப் பார்த்து அப்பா திகைத்துப்போனார்.

“என்னக்கா இது? அடம் புடிச்சாளா?”

“அடமெல்லாம் இல்ல தம்பி. தங்கமான புள்ள. எடுத்தத எடுத்த எடத்துல வெக்கறா, போட்டதத் திங்கறா.”

“அப்பறம் ஏனக்கா?”

“அதுக்குப் போட்டதுல வயிறு பாதிதான் நெறையுது. மீதி அங்க இருக்குது. கூட்டிட்டுப் போ.”

அப்பா வாதாடிப் பார்த்தார். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்தார், வண்டி நேரம் சொன்னார், எனக்குத் தலை சீவிப் பின்னிவிட்டார். இறுக்கிப் பின்னினார். சாயங்காலம் ஊரில் இறங்கும்போதும் பின்னல் அவிழாமல் இருந்தது. லீவு முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அத்தை என்னிடம் ஒரு தகர டப்பாவைக் கொடுத்து, “மடியிலயே வெச்சுக்க கண்ணு, சாய்ச்சுப்போடாதே” என்றார். ஊருக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் வீட்டு வாசலில் அம்மா வந்து நின்றார், டப்பாவை வாங்கித் திறந்தார். திறந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்து என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார். வழியில் அப்பா பொம்மையின் குட்டைக் கால் உடைந்து போயிருந்தது. அதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம்.

“டப்பாவைத் தொறந்ததும் புரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை ஒருத்தருகிட்டயும் சொல்லல உங்கத்தை” என்றார் அம்மா, தொட்டில் போட்ட அன்றைக்கு.

அதற்குப் பிறகும் அத்தை வருவார், போவார். எங்கள் மூன்று பேருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். மூன்றும் ஒரே விலையில் இருக்கும். எனக்கு மட்டும் என்று எதுவும் தரமாட்டார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. சின்னக் கட்டிலைப் பிட்டர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. மாமா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அந்த நொண்டிக்கால் அச்சு எங்கேயோ போய்விட்டது. இப்போது என்னிடம் இருப்பது ஆன்லைனில் வாங்கிய ஸ்டீல் அச்சு. அதில் வெட்டிய மனுசர்கள் இரண்டு காலிலும் நேராக நிற்கிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் யார் மாதிரியும் தெரியவில்லை.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். என் வாய் சொன்னதை வைத்து அத்தை தன் வயிற்றைக் கட்டிக்கொண்டார். போன டிசம்பரில் அந்த மூணாவது மாடிச் சிறுமியிடம் அந்த ஐந்தாவது பொம்மையைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தைக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

“அப்பறம் ஆருங்க அம்மணி?” என்று அத்தை கேட்டார். வெளியே கூட்ஸ் ஒன்று போக ஆரம்பித்தது. தம்ளர்கள் உரசிக்கொண்டன. வழக்கம்போல அத்தை காத்திருந்தார். கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு நான் சொன்னேன்:

“அவ்வளவுதானுங்க அத்தை. எங்கூட்டுல அவ்வளவு பேருதான்.”

அத்தை தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“அவ்வளவு பேருதானா? நல்லா எண்ணிப் பாத்தியா கண்ணு? உங்கம்மா வயித்துக்குள்ள ஒண்ணு இருக்குதல்லோ? அதை உட்டுப்போட்டயே. அது வந்து கேட்டா என்ன சொல்லுவே?”

சொல்லிவிட்டுத் தட்டின் ஓரத்திலிருந்து, மிச்ச மாவை உருட்டிச் சுட்ட ஒரு சின்ன வட்ட பிஸ்கட்டை எடுத்தார். என் கையிலிருந்த மெழுகுத்தாள் கூம்பை வாங்கி, இரண்டு கண் வைத்தார், மூடிய கண். கீழே ஒரு வாய். அதை அம்மா பொம்மைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்து, அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, ஐந்து பேரையும் ஒருவர் மேல் ஒருவர் படாமல் படுக்க வைத்தார். வண்டியில் குலுங்கினாலும் உடையாதபடி, இடைவெளியில் எல்லாம் குடிலிலிருந்து வைக்கோலை எடுத்துவந்து அடைத்தார். முகமில்லாத அந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் குடில் முன்னால் நிறுத்தி, மஞ்சள் தூளால் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.